முகத்துக்குக் கீழே ஒரு சொல்

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். அன்று நாங்கள் உட்காரவைத்த மர நாற்காலியால் வந்த முதுகுவலி இப்போது தேவலையா?

வாசிப்பு நிலையத்தில் படம் எடுக்க வந்த மாணவர் குழுவில் எடிட்டிங் செய்பவள் நான். கேமரா வைத்திருந்தவனைக் கேமரா என்றும், குச்சியில் மைக் பிடித்தவனை மைக் என்றும், கேள்வி கேட்டவளை ஸ்கிரிப்ட் என்றும் கூப்பிட்டீர்கள். எனக்கு அன்று வேலை இல்லாததால் “சும்மா நிக்கிற பொண்ணு” என்றீர்கள். அந்தப் பெண்தான் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உங்களிடமிருந்து பதில் வராது, கடிதம் எழுதினால் கட்டாயம் வரும் என்று நிலையப் பொறுப்பாளர் சொன்னார்.

இது எங்கள் கடைசிப் பருவத்தின் குழு வேலை. ஒரு தொண்டு நிறுவனத்தை வாடிக்கையாளராக எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடப் படம் செய்துகொடுக்க வேண்டும். பார்வை குறைந்தவர்களுக்குச் செய்தித்தாளும் கடிதமும் மருந்துச் சீட்டும் வாசித்துக்காட்டும் இடம் என்றதும் எங்களுக்குத் தோன்றியது இருட்டு அறை, சோக இசை. உள்ளே வந்தால், வாசித்துக்கொண்டிருந்த அம்மாவை நிறுத்தி, “அது பழம் இல்லை, பளம்னு காதுல விழுது. மறுபடி சொல்லுங்க,” என்று நீங்கள் அதட்டிக்கொண்டிருந்தீர்கள். இங்கே எல்லாமே இவர்தான் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டோம். நீங்கள் புத்தகம் வாசிக்க, கறுப்புக் கண்ணாடி போட்ட ஐயா கேட்டுக்கொண்டிருக்கும் காட்சிதான் எங்கள் படத்தின் உயிர். அந்த நாளை நன்றியோடு நினைவுகூறுகிறோம்.

உங்கள் முகத்துக்குக் கீழே “தன்னார்வலர், வாசிப்பு நிலையம்” என்று எழுத்துப் போடுகிறோம். சரிதானா என்று ஒரு வரி எழுதுங்கள்.

பணிவுடன்,
எடிட்டிங் செய்பவள்


பிப்ரவரி 20

எடிட்டர் பெண்ணுக்கு,

என் முதுகு அதன் இடத்தில் இருக்கிறது. உங்கள் நால்வருக்கும் என் ஆசிகள்.

காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பியதற்கு முதலில் நன்றி. உன் வயதில் இதைச் செய்பவர்கள் குறைவு. ஆனால் ஒன்று காதில் இடித்தது. “நினைவுகூறுகிறோம்” என்று எழுதியிருக்கிறாய். கூறுவது வாய். கூர்வது மனம். நினைவுகூர்கிறோம். நான் அச்சகத்தில் பிழைதிருத்துபவளாக இருந்து ஓய்வு பெற்றவள். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

படத்தில் பெயர் போட வேண்டாம். மற்றபடி நீ கேட்ட “தன்னார்வலர்” என்ற சொல்லில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

வெயிலில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
முதுகு தேவலையான அம்மா


பிப்ரவரி 23

சின்னவளுக்கு,

நான் நலம். உன் சர்க்கரை இறங்கியதா, அல்லது நீ ஒளித்துவைத்துத் தின்னும் இனிப்புதான் இறங்கியதா?

மறுபடியும் தட்டச்சுக் கடிதமா என்று முகம் சுளிக்காதே. கன்னியாஸ்திரிகள் பிரம்பைக் காட்டித் திருத்திய என் கையெழுத்து ஓய்வில் இருக்கிறது என்று வைத்துக்கொள்.

நான் வாரத்தில் மூன்று நாள் போய்வரும் வாசிப்பு நிலையத்துக்குப் படம் எடுக்க மாணவர்கள் வந்திருந்தார்கள். மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழும் என்று நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் வேர்த்து ஒழுக, நான் மட்டும் முகத்தில் ஈரம் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். “சூப்பர்மா! ஒன் மோர்!” என்றான் கேமரா பிடித்த பையன். இந்த வயதில் ஒருவன் சூப்பர் என்றால் கசக்கவில்லை, சின்னவளே.

படம் முடிந்ததும் உனக்கு அனுப்பச் சொல்கிறேன். அதில் என் முகத்துக்குக் கீழே ஒரு சொல் வரும். இல்லைம்மா, கண் விஷயம் இதில் வேண்டாம். நடுவில் மை கொட்டினாற்போல் ஆகிவிட்டது, ஓரம் மட்டும்தான் தெரிகிறது, நானே அங்கே வாசிக்கக் கேட்கத்தான் போகிறேன் என்று தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள். அவள் வீட்டுப் பாடே அவளுக்குப் பெரும்பாடு. இப்போது சொன்னதை அடித்துவிடுங்கள். எங்கே விட்டோம்? ஆம், என் முகத்துக்குக் கீழே ஒரு சொல் வரும். அதைப் பார்த்துக் கொஞ்சம் பெருமைப்படு.

உன் வீட்டார் எல்லோரையும் கேட்டதாகச் சொல். ஓரகத்தியைக்கூட.

உன் பெரியவள்


மார்ச் 25

அன்புள்ள பெரியக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் சர்க்கரையும் சௌக்கியம்.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. வேலை அதிகம்.

மாடி வராந்தாவுக்குச் சாம்பல் நிறத்தில் பெயின்ட் அடித்திருக்கிறோம். மழைக்கு முந்திய வானம் மாதிரியான சாம்பல். நேற்று ஒரு புடவை எடுத்தேன். நல்ல அழுத்தமான நீலம். பாட்டிலில் இருக்கும் மைக்கு இருக்குமே, அந்த நீலம். ஓரத்தில் விரல் அகலத்துக்கு மஞ்சள். ஓரகத்தி நலம். அவள் பிள்ளைகளும் நலம். எல்லோரும் நலம்.

வேறு என்ன? சின்ன வயதிலிருந்து நீ யாரிடமும் எதையும் கேட்டதில்லை. பசித்தாலும் கேட்க மாட்டாய், தட்டை மட்டும் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். இப்போதாவது ஏதேனும் வேண்டுமென்றால் கேள்.

படம் வந்ததும் அனுப்பு. பார்க்க ஆசையாக இருக்கிறது.

உன் சின்னவள்


ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் உங்களை நல்ல உடம்போடும், முடிந்தால் நல்ல கோபத்தோடும் சந்திக்கட்டும். ஏனென்றால் நான் கேட்கப்போவது அப்படிப்பட்டது.

படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வாசிக்கும் காட்சியைப் பெரிதாக்கியபோது புத்தகத்தின் அட்டை தெரிந்தது. எங்கள் குழுவில் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

“டேய், அட்டையப் பாருங்கடா. கணக்குப்பதிவியல்னு போட்டிருக்கு. அவங்க வாசிக்கிறது ஒரு ஆத்தப் பத்தின பாடம்,” என்றேன்.

“அதனால என்ன? கணக்குப்பதிவியல்லயும் ஒரு ஆறு ஓடிட்டுப் போகட்டும்,” என்றான் கேமரா.

“ஒரு பக்கம்கூடத் திருப்பல. மொத்த ஆறும் ஒரே பக்கத்துலயே கடல்ல போய்ச் சேந்துடுச்சு,” என்றாள் ஸ்கிரிப்ட்.

மைக் மட்டும் நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னான்: “எனக்கு அன்னைக்கே தெரியும். ஷாட் முடிஞ்சதும் பக்கத்துல இருந்த அம்மாகிட்ட, ‘நான் சரியான பக்கம்தான் பாத்துட்டிருந்தேனா?’ன்னு மெதுவா கேட்டாங்க. ஹெட்போன்ல விழுந்துச்சு.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“காதுல விழுறதையெல்லாம் சொல்றதுக்கா மைக் புடிக்கிறோம்?”

அம்மா, நாங்கள்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று நினைக்கிறேன். நீங்கள் அங்கே வாசிப்பவர் அல்ல. யாரும் எங்களுக்கு அப்படிச் சொல்லவும் இல்லை. நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்த விதத்தையும் அதட்டலையும் பார்த்து நாங்களே ஒட்டிய எழுத்து அது. “தன்னார்வலர்” என்பதை எடுத்துவிட்டு “பயனாளி” என்று போடலாம் என்கிறாள் ஸ்கிரிப்ட். பொறுப்பாளரிடம் போனோம். “அவங்க சொன்னா மாத்துங்க. அவங்க சொல்லாம எங்கிட்ட வந்து கேக்காதீங்க,” என்றார்.

பொய்யான எழுத்தோடு படத்தைக் கொடுக்க எங்களுக்கு மனம் இல்லை. உங்களை எடுத்துவிட்டால் படத்தில் ஜன்னலும் நாற்காலியும்தான் மிஞ்சும். என்ன செய்யட்டும்?

பணிவுடன்,
எடிட்டர் பெண்


ஏப்ரல் 9

எடிட்டர் பெண்ணுக்கு,

கடிதம் கிடைத்தது.

படத்திலிருந்து என்னை எடுத்துவிடு. ஜன்னல் நல்ல ஜன்னல்தான்.

ஒரு புத்தக அட்டையை அத்தனை பெரிதாக்கிப் பார்க்கும் கண்ணுக்கு என் வாழ்த்து.

இப்படிக்கு,
நிலையத்துக்கு வந்துபோகும் ஒருத்தி


ஏப்ரல் 10

சின்னவளுக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை. உனக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு முறை கேட்டேன், அதாவது படித்தேன். ஓரகத்தி நலம் என்கிறாய். கல்யாணமான நாளிலிருந்து அவள் உன் கடிதத்தில் ஒருமுறைகூட நலமாக இருந்ததில்லை. அவள் பொரித்தது கருகியிருக்கும், அவள் சிரித்தது வலித்திருக்கும். இந்தத் தடவை அவளுக்கும் பிள்ளைகளுக்கும் நற்சான்றிதழ். பிறகு பெயின்ட்டின் நிறம், புடவையின் நிறம், ஓரத்தின் அகலம். ஜவுளிக்கடை விளம்பரமா எழுதுகிறாய்? உடம்புக்கு முடியவில்லையென்றால் ஒளிக்காமல் எழுது. ஒளிப்பது எனக்குப் பிடிக்காது.

அந்தப் படத்துக்காகக் காத்திருக்காதே. நான் அதில் இல்லை. பிள்ளைகளுக்கு இடம் போதவில்லையாம்.

உன் பெரியவள்


ஏப்ரல் 30

வாசிக்கும் அம்மாவுக்கு,

முதல் வணக்கம் உங்களுக்கு. இத்தனை கடிதங்களில் உங்களை ஒருமுறைகூட விசாரிக்காமல் இருந்துவிட்டேன். நீங்கள் நலமா? தொண்டைக்கு வெந்நீர் குடிக்கிறீர்களா? ஓரகத்தியைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் உங்கள் வாயால் வாசித்திருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதனால்தான் போன கடிதத்தில் அவள் நலமாக இருந்தாள்.

இனி வருவதை அக்காவுக்குக் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள். நடுவில் “போதும்” என்பாள். நிறுத்தாதீர்கள்.

அக்கா, ஒளிப்பது உனக்குப் பிடிக்காது என்கிறாய். பிப்ரவரிக் கடிதத்தில் நீ சொன்னது அப்படியே இருக்கிறது. நடுவில் மை கொட்டினது, அடுத்த பஸ், என் பெரும்பாடு, எல்லாம். “இப்போது சொன்னதை அடித்துவிடுங்கள்” என்றாய். உனக்கு அடிப்பது என்றால் கோடு போட்டு நீக்குவது. தட்டச்சு செய்பவருக்கு அடிப்பது என்றால் அடிப்பது. அடித்துவிட்டார். நீ கீழே கையெழுத்துப் போட்டுவிட்டாய்.

முதலில் சிரித்தேன். அப்புறம் அந்த ஒரு மாதமும் எழுத முடியவில்லை. பஸ் பிடித்து வந்திருப்பேன், உண்மைதான். ஆனால் வரக்கூடாது என்று நீ சொன்னதையும் படித்துவிட்டேனே. அதனால்தான் நிறங்களாக எழுதினேன். உனக்குத் தெரியாமல் உனக்குக் காட்டலாம் என்று பார்த்தேன்.

எனக்கு நீ கண் தெரியாமல் இருப்பது பெரிதில்லை, அக்கா. அதுவும் பெரிதுதான். ஆனால் தெரியாத ஒருவரிடம் உன்னால் கேட்க முடிந்தது, என்னிடம் முடியவில்லை. நீ கேட்டால்தானே நான் வர முடியும்? கேள்.

வாசிக்கும் அம்மா, இங்கே நிறுத்தி அவளுக்குத் தண்ணீர் கொடுங்கள்.

உன் சின்னவள்


மே 8

எடிட்டர் பெண்ணுக்கு,

நீயும் மற்ற மூவரும் நலமாக இருக்க வேண்டும். போன கடிதத்தில் நலம் விசாரிக்காமல் விட்டேன். அது பிழை. திருத்திக்கொள்கிறேன்.

என்னைத் திரும்பப் போட முடியுமா? ஜன்னலை வேண்டுமானால் எடுத்துவிடு.

நீ கண்டது சரி. ஆற்றைப் பற்றிய பாடம் கான்வென்ட்டில் மனப்பாடம் செய்தது. கையில் எந்தப் புத்தகம் இருந்தாலும் அன்று அந்த ஆறுதான் ஓடியிருக்கும். என் வீட்டுக்காரர் இருந்தவரை தினமும் காலையில் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். அவருக்கு அப்படி ஒரு பழக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகுதான், எனக்காகப் படித்திருக்கிறார், அதை என்னிடம் சொல்லாமலே படித்திருக்கிறார் என்று புரிந்தது. அதன் பிறகு இந்த நிலையத்துக்கு வந்தேன்.

எனக்கு வாசித்து, எனக்காகத் தட்டச்சு செய்பவர் ஓய்வு பெற்ற ரயில் நிலைய அறிவிப்பாளர். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், நான் அதட்டிக்கொண்டிருந்தேனே, அவர்தான். எதையும் இரண்டு முறை சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. என் தங்கை கடிதம் வந்ததும் அவரிடம் சண்டைக்குப் போனேன்.

“அடித்துவிடுங்கள்னு சொன்னா நீக்கிடுங்கன்னுதானே அர்த்தம்?”

“நீங்க அடிங்கன்னீங்க. நான் அடிச்சேன்.”

“யோசிக்க வேண்டாமா?”

“வண்டி எந்த பிளாட்பாரத்துக்கு வருதுன்னு குடுத்ததைச் சொல்றதுதான் என் வேலை. அது ஏன் அங்க வருதுன்னு யோசிச்சதில்ல.”

முப்பது வருடம் ஒலிபெருக்கியில் ஒரு வண்டியைக்கூட மாற்றிச் சொல்லாதவர். வேண்டுமென்றே அடித்தாரா என்று நான் கேட்கவில்லை. இதையும் அவர்தான் இப்போது அடித்துக்கொண்டிருக்கிறார். அடிக்கட்டும்.

இனி அந்தச் சொல். “தன்னார்வலர்” எழுத்துப் பிழை இல்லாத பொய். அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். “பயனாளி” வேண்டாம். அதில் ரப்பர் ஸ்டாம்ப் வாசனை அடிக்கிறது. எனக்கு நீங்கள் போட வேண்டியது இது:

கேட்பவர்.

மூன்றாம் எழுத்து ட். அதை விட்டுவிடாதே.

நன்றியுடன்,
கேட்பவர்


ஜூன் 14

மதிப்பிற்குரிய கேட்பவர் அம்மாவுக்கு,

வணக்கம். ட் மூன்றாம் எழுத்து இல்லை, இரண்டாம் எழுத்து. பயந்துகொண்டே எழுதுகிறேன்.

திரையிடலுக்கு வந்ததற்கு நாங்கள் நால்வரும் நன்றி சொல்கிறோம். எங்கள் ஆசிரியர் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? “கேட்பவர்னா காதால கேக்கிறவரா, உதவி கேக்கிறவரா, இல்ல கேள்வி கேக்கிறவரா? பாக்கிறவங்களுக்குக் குழப்பமா இருக்காதா?” நீங்கள் எழுந்து, “எனக்குக் குழப்பமில்ல. மூணும் நான்தான்,” என்றீர்கள். மதிப்பெண் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

உங்கள் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து படம் முழுக்க உங்கள் காதில் பேசிக்கொண்டிருந்தது கடைசி வரிசை வரை கேட்டது. “இப்ப நீதான் வர்ற. தலைய நல்லா வாரியிருக்கே. மூக்கு அப்படியே அப்பா மூக்கு.” முன்னால் இருந்தவர் ‘உஷ்’ என்றதற்கு, “அவ பாக்க வேண்டாமா? நான் சொல்லாம யாரு சொல்லுவா?” என்றாரே, அதைப் பதிவு செய்யாமல் விட்டோமே என்று மைக் இன்னும் புலம்புகிறான்.

உங்கள் முகத்துக்குக் கீழே எழுத்து வந்ததும் தங்கையின் பேச்சு நின்றுவிட்டது. மறுபக்கத்திலிருந்து அறிவிப்பாளர் அம்மா ரயில் நிலையக் குரலில், “கேட்பவர். கேட்பவர்,” என்று வாசித்தார். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அது உங்களுக்குக் கேட்டிருக்கும். நீங்கள் பார்க்காத ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். கைதட்டல் நடக்கும்போது அறிவிப்பாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புடவை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரையில் அடுத்த காட்சி வந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

குழு வேலையில் என்ன கற்றோம் என்று ஒரு கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவரைப் பார்த்ததும் எழுத்து ஒட்டாமல், அவரிடமே கேட்க வேண்டும் என்று எழுதினேன். எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதற்கு உங்களை என்றும் நன்றியோடு நினைவுகூர்கிறோம்.

அன்புடன்,
சும்மா நிற்காத பெண்


ஜூன் 21

அறிவிப்பாளர் அம்மாவுக்கு,

நீங்கள் நலமா? உங்களிடம் நான் இதைக் கேட்டதே இல்லை. வந்து உட்கார்ந்ததும் “வாசியுங்கள்” என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

தடித்த பேனாவால் நானே எழுதுகிறேன். சின்னவள் பக்கத்தில் இருக்கிறாள். வரி ஓரத்துக்குப் போனால் கையைப் பிடித்துத் திருப்பு என்று கேட்டிருக்கிறேன். கேட்டேன்.

எடிட்டர் பெண்ணின் கடிதத்தில் சில வரிகளை நீங்கள் வாசிக்காமல் தாண்டினீர்கள். கைதட்டலில் இருந்து குழு வேலைக்கு ஒரே தாவலாகத் தாவினீர்கள். இரண்டாவது முறையும் அதே இடத்தில் அதே தாவல். விட்டுப்போன வரியைப் பிழைதிருத்துபவளிடம் மறைக்க முடியாது, அவள் காதால் படித்தாலும். சின்னவளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். ட் எந்த எழுத்து என்பதை மட்டும் தாண்டாமல் இரண்டு முறை வாசித்தீர்கள். அதையும் குறித்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரருக்கு நன்றி சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன். நன்றி. நன்றி. இரண்டு முறை, உங்கள் வழக்கப்படி.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். வாசிக்க ஒன்றும் இருக்காது. சும்மா பேசிக்கொண்டிருக்கலாம். ஓரகத்தியைப் பற்றிச் சின்னவளிடம் நிறைய இருக்கிறது.

இந்தக் கடிதத்தை அடிக்க வேண்டாம். எந்த அர்த்தத்திலும்.

கேட்பவர்